நாலரைக்குச் சாத்தும் ஜன்னல்

லர்லீன் ப்ரூயிட்டுக்கு வாய் நீளம். நீதிமன்ற எழுத்தர் ஜன்னலுக்குள் வந்து உட்கார்ந்தால் மட்டும் அந்த வாயைக் கட்டிப்போட்டுவிடுவாள். சட்ட ஆலோசனை சொன்னால் வேலை போய்விடும். தலைக்கு மேலே பலகையே தொங்குகிறது. பக்கத்து ஜன்னல் என்னுடையது. உடம்பில் கட்டோடு யார் வந்தாலும், வந்த காரியம் எதுவானாலும், "என்னைக்கு அடிபட்டுச்சு?" என்று மட்டும் லர்லீன் கேட்டுவிடுவாள். இந்தப் பொம்பளைக்கு எதற்கு ஊர் வம்பு என்று எனக்கு மண்டை குடையும்.

நவம்பர் பதினான்காம் தேதி, மணி நாலு. ஹோபர்ட் ஸ்டைல்ஸ் கைத்தடியோடு அபராதம் கட்ட வந்தான்.

"இந்த முழங்காலோட எப்படிடா வேகமா ஓட்டினே?" என்றாள் லர்லீன்.

"வலது கால் நல்லாத்தானே இருக்கு, மிஸ் லர்லீன்."

"என்னைக்கு அடிபட்டுச்சு?"

"போன வருஷம் இதே நாள். மக பிறந்தநாளுக்குக் கேக் வாங்கப் போய், கடையில ஈரத் தரை வழுக்கிடுச்சு. அவங்க காப்பீட்டுக்காரர் தங்கமான மனுஷன். மாசாமாசம் போன் பண்ணி விசாரிப்பார். அவசரமே இல்ல, அடுத்த வாரம் பேசி முடிச்சிடலாம்ங்கிறார்."

தங்கமாம் தங்கம்! எங்கள் டென்னசியில் அடிபட்டவன் வழக்குப் போட ஒரே வருஷம்தான் கெடு. இன்று ஜன்னலைச் சாத்திவிட்டால் ஹோபர்ட்டின் காலுக்கு நாதியில்லை.

லர்லீன் வழக்குப் போடும் வெற்று மனு ஒன்றை அவன் முன்னால் வைத்தாள். "நான் ஒண்ணும் சொல்லல. கேக்குறவங்களுக்கு இதைக் குடுப்போம்."

"நான் கேக்கலையே?"

"அப்ப கேளு."

அவன் சிரித்தான். "கேக் கடை அஞ்சுக்கு மூடிடுவான், நான் போகணும்."

"இந்த ஜன்னல் நாலரைக்கே மூடிடும். நாளைக்குத் திறக்கும்போது தேதி பதினஞ்சு."

பேனாவை அவன் கையில் திணித்தாள். அவன் அவளைப் பார்த்தான், சுவர் நாள்காட்டியைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. குனிந்து எழுத ஆரம்பித்தான்.

முத்திரை விழுந்தபோது மணி நாலு இருபத்தெட்டு.

அவன் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "வேலைக்கே உலை வைக்கப் பார்த்தியே! அவ்வளவு கரிசனம்னா, நாளைக்கு வந்தாக்கூடப் பழைய தேதியைக் குத்திக் குடுத்திருக்கலாமே?"

"அதைச் செய்யறவளா இருந்தா என்னைக்கோ செஞ்சிருப்பேன்" என்றவள், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

என்னைக்கோ என்றால் என்றைக்கு? மறுநாள் பொறுக்க மாட்டாமல் கீழே பழைய கோப்பு அறைக்குப் போனேன். ப்ரூயிட் என்ற பெயரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ராய் ப்ரூயிட், லர்லீனின் புருஷன். லாரி மோதி ஒரு கை விளங்காமல் போனவர் என்று ஊருக்கே தெரியும். வழக்குப் போட்டவர் என்பது எனக்கே தெரியாது. கெடு ஒரு நாள் தாண்டி வந்ததால் தள்ளுபடி என்று எழுதியிருந்தது. மனுவின் மேல் முத்திரை, கெடு தாண்டி வந்த அந்த நாளின் தேதியோடு. பக்கத்தில், பெற்றுக்கொண்ட எழுத்தரின் கையெழுத்து: லர்லீன் ப்ரூயிட்.