கார்புரேட்டருக்குக் கொடுத்த காது

பேரனின் சைக்கிள் டியூபிலிருந்து காற்று 'ஸ்ஸ்' என்று இறங்கியது. இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிந்தது.

எழுபதுகளில் காரைக்குடியில் என்னைப் பெற்ற அத்தாவின் பட்டறை. தொண்டிக்காரர் ஒருவரின் படகு எஞ்சினுக்கு டர்போ பூட்டிக்கொண்டிருந்தார். அது எஞ்சினுக்குள் தள்ளும் காற்று கொஞ்சம்தான். அதைக்கூடத் தாங்காமல் பழைய கார்புரேட்டர் கசிந்தது. கசிவை அடைத்துவிட்டு, சைக்கிள் பம்பால் காற்றடித்து, இன்னும் எங்காவது கசிகிறதா என்று அதன்மேல் காதை வைத்துக் கிடப்பார்.

"அத்தா, பேச்சுப் போட்டியில எனக்குத்தான் முதல் பரிசு!"

"சத்தம் போடாத தாயி. அது என்னமோ சொல்லுது."

அன்று முழுக்க அது சொன்னது, அவர் கேட்டார். பொறுக்க முடியாமல் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு 'ஸ்ஸ்' என்றேன்.

"எங்குட்டு? எங்குட்டு?" என்று பதறினார் அத்தா.

என் குரலுக்கு அவர் அப்படிப் பதறியது அந்த ஒரு தடவைதான். அதுவும் கார்புரேட்டரின் குரல் என்று நினைத்து.