காக்கைக்குச் சோறு வைக்கக் கூடாத இடம்

வளைவில் திரும்பினால் வீட்டுக்குள் பருப்பு கொட்டும் என்பதை அமெரிக்கா வந்துதான் தெரிந்துகொண்டேன். வீடு என்றால் சக்கரம் வைத்த வீடு. ஆர்.வி. என்கிறார்கள். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும். முன்னால் உட்கார்ந்து நாமே ஓட்டிக்கொண்டு போகவேண்டும். கிளம்பும்முன் அலமாரிக் கதவுகளையெல்லாம் கொக்கி போட்டுப் பூட்டச் சொல்லி வாடகைக்கு விட்டவர் படித்துப் படித்துச் சொன்னார். நான் நன்றாகத் தலையாட்டிவிட்டு நன்றாக மறந்தேன். முதல் திருப்பத்திலேயே துவரம்பருப்பு டப்பா என் மனைவி செல்வியின் மடியில் வந்து உட்கார்ந்தது. “வீட்டை ஓட்டுதீங்களா, புளியமரத்தை உலுக்குதீங்களா?” என்றாள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தபோது எனக்குப் பழக்கமானவள். அன்று தொடங்கிய கிண்டல் இன்னும் ஓயவில்லை.

நாங்கள் போனது சிவப்புப் பாறைகளுக்கு நடுவே ஆறு ஓடும் ஒரு பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்கு. நான், செல்வி, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் நிலா என்று மூன்றே பேர். உண்மையில் இந்த வண்டியில் ஏற ஆசைப்பட்டவர் என் அப்பா. வடக்குப்பட்டிலிருந்து ஒரகடத்துக்கு மூன்று ஷிஃப்டுக்கும் கம்பெனி பஸ் ஓட்டியவர். ஒருமுறை வீடியோ காலில் எங்கள் தெருவில் நின்ற ஆர்.வி.யைக் காட்டினேன். “வூட்டயே ஓட்டிகினு பூட்டா, காலைல பால்காரன் எங்கடா வந்து பால் ஊத்துவான்?” என்று கவலைப்பட்டார். அடுத்த நொடியே, “நா வந்தா ஒரு ரவுண்டு குடுப்பியா?” என்று கேட்டார். அவருக்கு விசா வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். என் விசாவும் அப்போது புதுப்பிப்பில் இருந்தது. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது என்று வக்கீல் கையை விரித்தார். என் இடத்தில் பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். நான் அதை ஃபோனில் பார்த்தேன். அந்த வலி இன்னும் ஆறவில்லை, ஆறுமென்றும் தோன்றவில்லை.

அதனால் முதல் வருஷத் தெவசத்தையாவது என் கையால் செய்தே தீருவது என்று இருந்தேன். அவர் ஆசைப்பட்ட வண்டியிலேயே படைக்கலாம் என்றது செல்விதான். ஊரில் விடிந்தால் தெவசம். அதே நேரம் இங்கே முந்தின நாள் சாயங்காலம். எந்த ஊர்க் கிழமைக்குச் செய்வது என்ற குழப்பமே வேண்டாம், இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் படைப்போம் என்று ஊரில் இருக்கும் கலா அக்காவிடம் பேசி வைத்தேன். ஃபோன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் அவளுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. அவளுடைய கம்பெனி பஸ் வருவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம் தெரியுமல்லவா, காக்கை வாய் வைக்காமல் யாரும் வாய் வைக்கக் கூடாது.

செல்வி வடை போட்டாள். முதல் ஈடு வேகும்முன்பே வண்டியின் புகை அலாரம் அலற ஆரம்பித்தது. நிலா துண்டால் விசிற, நான் ஜன்னல்களைத் திறக்க, ஒருவழியாக வாழைக்காய்ப் பொரியல், பாயசம் வரை வந்து சேர்ந்தோம். ஒரு தட்டில் சோறும் வடையும் எடுத்து, வெளியே மரமேசையின் ஓரத்தில் வைத்து, “கா, கா” என்றேன். இரண்டாவது காவுக்கே வந்து இறங்கியது ஓர் அண்டங்காக்கை. கோழி அளவு இருக்கும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அதோடு சேர்ந்து பூங்காக் காவலரும் வந்து இறங்கினார். ரேஞ்சர் என்பார்கள். அகலத் தொப்பி, சிரித்த முகம், நடுவயதுப் பெண்மணி. “பறவைக்கா சாப்பாடு வைக்கிறீர்கள்?” என்றார்.

“இட்ஸ் ஃபார் மை ஃபாதர்,” என்றேன்.

அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். “வெளியே வரச் சொல்லுங்கள். நடக்க முடியாதவரா, நாற்காலி கொண்டுவரவா?”

“நோ, நோ. அதோ உட்கார்ந்திருக்கிறாரே,” என்று காக்கையைக் காட்டினேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நிலாவுக்கே பாவமாகிவிட்டது. தாத்தா செத்துப் போனது, காக்கை சாப்பிட்டால்தான் நாங்கள் சாப்பிட முடியும் என்பது, எல்லாவற்றையும் தன் இங்கிலீஷில் கடகடவென்று சொன்னாள். ரேஞ்சர் தொப்பியைக் கழற்றிவிட்டார். வருத்தமாகவே பேசினார். ஆனால் விடவில்லை. மனிதச் சோற்றுக்குப் பழகிய பறவை இரை தேட மறந்துவிடும், நோயில் விழும் என்றார். “வேறு வழி ஏதும் இருக்கிறதா?” என்றும் கேட்டார்.

நான் தட்டை எடுத்துக்கொண்டேன். கொள்ளியும் போயிற்று, தெவசமும் போயிற்று. அக்காவை வீடியோ காலில் கூப்பிட்டேன். அவள் மொட்டை மாடியில் நின்றிருந்தாள். கைப்பிடிச் சுவரில் இலை, இலையில் சோறு.

“இன்னாடா பண்றது, ஒரு காக்கா கூட வர்ல. எதிர்ல குடோன் கட்றோம்னு மரத்தலாம் வெட்டிட்டானுங்க. கத்திக் கத்தி தொண்ட வத்திப்போச்சி. பஸ்ஸு வேற வந்துகினு கீது.”

இங்கே காக்கை இருக்கிறது, சோறு வைக்க வழியில்லை. அங்கே சோறு இருக்கிறது, காக்கை இல்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். தட்டைப் பறிகொடுத்த அண்டங்காக்கைக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. மேசை மேல் நடந்து வந்து என்னைப் பார்த்து அடித்தொண்டையில் திட்டத் தொடங்கியது.

“யார்ரா அது, இம்மாஞ் சத்தமா?” என்றாள் அக்கா.

“இங்கத்தி காக்காதான்க்கா. சோறு வைக்கக் கூடாதாம், அதான் கோவத்துல கத்துது.”

“கிட்ட காட்றா. நா ஸ்பீக்கர்ல வெக்கறேன்.”

ஃபோனைக் காக்கையின் அலகுக்கு நேரே நீட்டினேன். அது கத்தியது. வடக்குப்பட்டு மாடியில் அந்தச் சத்தம் கேட்டது. ரேஞ்சரைத் திரும்பிப் பார்த்தேன். கத்துவதற்குத் தடையில்லை என்பது போலத் தோளைக் குலுக்கினார். இன்னும் நான்கு கத்தல். திரையில், கரண்ட் கம்பத்து மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. காக்கை சுவரில் குதித்து, இலையில் மூக்கை வைத்தது.

“துன்றாருடா! அப்பா துன்றாருடா!” என்று அக்கா கத்திய கத்தலில் அது பயந்து ஓடாதது பெரிய விஷயம். செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “வந்துவிட்டாரா?” என்று கேட்ட ரேஞ்சருக்குத் தலையாட்டினேன். அவரிடம் ஒரு வடையை நீட்டினேன். அண்டங்காக்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்றார்.

நிலா ஃபோனைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். “அப்பா, இதுல எது தாத்தா?”

வடக்குப்பட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரையும், கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் வெறும் மேசையைக் கொத்திக்கொண்டிருந்தவரையும் சேர்த்துக் கும்பிட்டேன்.