வாசலில் வைத்த ஆவாரை

இன்று காலை வாசல் தெளிக்கப் போனால், கேட்டுக்கு வெளியே முன்பின் தெரியாத ஒரு பெண் என் ஆவாரஞ்செடியை மொட்டையடித்துக்கொண்டிருந்தார். மடி நிறைய மஞ்சள் பூ.

அது அந்தச் செடியின் முதல் பூப்பு.

என் வீட்டுக்காரர் சர்க்கரைக்காக ஆவாரம்பூ டீ குடிப்பார். தினமும் கொத்தமங்கலம் சாலையோரம் போய்ப் பறித்து வருவார். அவர் இறந்த பிறகு, சாலையை அகலமாக்குகிறோம் என்று அந்தப் புதர்களைத் தோண்டிப் போட்டார்கள். அதில் கிடந்த நெற்றுகளைப் பொறுக்கி வந்தேன்.

முதலில் போட்ட விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. தோல் அப்படியொரு கடினம். பிறகு சிமெண்டுத் தரையில் தேய்த்து, வெந்நீரில் ஊறப்போட்டு விதைத்தேன். பிழைத்தது இது ஒன்றுதான்.

"ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

அவர் திகைத்துப்போனார். "நீங்க வச்சீகளாக்கா? ஆவாரையைப் போயி யாரு வைப்பாக, தானா முளைச்சதுன்னுல்ல நெனச்சேன். எங்க வீட்டுக்காரருக்குச் சக்கரை. ரோட்டோரம் எங்குட்டுத் தேடியும் ஒரு செடி இல்ல."

மடியை அப்படியே என் பக்கம் நீட்டினார்.

என் வீட்டுக்காரர் அத்தனை வருடம் யாரைக் கேட்டுப் பறித்தார்?

"கொண்டு போங்க. நாளைக்கும் வாங்க. நெத்துக்கு மட்டும் நாலு பூ விட்டுருங்க" என்றேன்.

நெற்று காய்ந்ததும் தருகிறேன், இதைப் படிக்கிற உங்களில் யாருக்கு வேண்டும்? ஒரே நிபந்தனை. செடியைக் கேட்டுக்கு வெளியேதான் வைக்க வேண்டும்.