பன்னிரண்டு கிணற்றுத் தண்ணீரோடு தஞ்சாவூருக்கு

வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் நூறு கிலோமீட்டர் சொச்சம். திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, வடுவூர் வழியாகப் பேருந்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஆறு மணிக்கு, நானும் என் மனைவி சுகந்தியும் மீன்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு தெர்மகோல் பெட்டியோடு பேருந்து நிலையத்தில் நின்றோம். பெட்டிக்குள் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே பன்னிரண்டு பாட்டில் தண்ணீர். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள பன்னிரண்டு கிணறுகளில் எடுத்தது.

நான் துபாயில் வெல்டர். ஒரு மாத விடுமுறையில் வந்திருந்தேன். நான் ஊரில் இல்லாத இரண்டு வருஷத்தில் சுகந்தி தஞ்சாவூரில் உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் படிப்பில் சேர்ந்து கடைசிப் பருவத்துக்கு வந்துவிட்டாள். சில வருஷம் முன்பு அடித்த புயலில் கடல் ஊருக்குள் ஏறி வடிந்த பிறகு எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது என்பதுதான் அவள் ஆய்வு. அன்று பதினோரு மணிக்கு ஆய்வகக் கருவியை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். தவறவிட்டால் அடுத்த முறை வருவதற்குள் ஆய்வேடு கொடுக்கும் நாள் கடந்துவிடும்.

நடத்துனர் பெட்டியைப் பார்த்ததும் மீனை ஏற்ற முடியாது என்றார். சுகந்தி மூடியைத் திறந்து காட்டினாள். "தண்ணியா?" என்றவர் பெட்டிக்கும் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, இறங்கும்வரை எங்களைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டார்.

மன்னார்குடியில் பேருந்து மாறினோம். இரு பக்கமும் சம்பா அறுவடை. அறுத்த வயல்களில் வாத்துகளை இறக்கிவிட்டிருந்தார்கள். எனக்கு வெளியே பார்க்க மனம் ஓடவில்லை. கம்பெனி என்னை சூப்பர்வைசர் ஆக்கிக் குடும்ப விசாவும் தருவதாகச் சொல்லியிருந்தது. அதை அன்றைக்குள் அவளிடம் சொல்லிவிட நினைத்திருந்தேன்.

வடுவூர் தாண்டியதும் பேருந்து நின்றது. அறுவடை இயந்திரம் ஏற்றிவந்த லாரி ஒன்று திரும்பும்போது பின் சக்கரம் வாய்க்காலில் இறங்கி, சாலைக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. எடுக்க மதியமாகும் என்றார்கள். நான் டீ குடிக்கலாமா என்று யோசித்தேன். சுகந்தி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் பஸ் திரும்பும்ங்க. பெட்டிய ஒரு பக்கம் புடிங்க" என்றாள்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து வரப்பில் இறங்கி, லாரியைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். இரண்டு முறை எனக்குக் கால் வழுக்கியது. அவள் நிற்கவே இல்லை. அந்தப் பக்கம் இரண்டு மணி நேரம் நின்ற பிறகுதான் ஒரு பேருந்து தஞ்சாவூருக்கே திரும்பியது. அதைப் பிடித்தும் பல்கலைக்கழக வாசலில் இறங்கும்போது பன்னிரண்டரை ஆகிவிட்டது.

அவள் சேர்ந்தபோது துறை என்பது வேறொரு துறையின் மாடியில் இரண்டு அறைகள்தானாம். இப்போது தனிக் கட்டடம். இரண்டாம் மாடிக்கு இன்னும் சாரம் கட்டியிருந்தது. கீழே சிமெண்ட் வாசனை. முதல் மாடியில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இந்தச் சோதனைக்கு முன்பெல்லாம் பாட்டில்களைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்களாம்.

கருவியில் வேறொரு மாணவரின் வேலை ஓடிக்கொண்டிருந்தது. பொறுப்பாளர் அம்மா மென்மையாகத்தான் பேசினார். ஆனால் நேரம் தவறினால் தவறியதுதான் என்றார். சுகந்தி அழவில்லை, கெஞ்சவுமில்லை. சுவரில் ஒட்டியிருந்த நேர அட்டவணைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும் யாரும் எழுதலை மேடம். பொண்ணுங்க விடுதிக்கு ஆறு மணிக்குள்ள போகணும்கறதாலதான் அது காலியாக் கெடக்கு. வார்டனுக்கு நீங்க ஒரு போன் பண்ணிச் சொன்னா நான் இருந்து முடிச்சிருவேன்."

அவர் அட்டவணையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். பாட்டில்கள் குளிர்பெட்டிக்குள் போயின.

கேன்டீனில் எலுமிச்சை சாதம் சாப்பிடும்போது விசா விஷயத்தைச் சொன்னேன். அவள் கை சாதத்திலேயே நின்றது.

"நான் இங்கயே பிஎச்.டி.க்கு எழுதிப் போட்டிருக்கேங்க. போன்ல சொல்ல வேணாம், நீங்க வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். மூணு வருஷம் ஆகும். உங்ககூட வரக் கூடாதுன்னு இல்லை. ஆனா இதை விட்டுட்டு வரமாட்டேன்."

வருத்தம் இல்லை என்றால் பொய். எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதிக்கு மேல் போனிலேயே போயிருந்தது. என் அப்பா காலம்வரை எங்கள் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் வயலில் நட்டு அறுத்தவர்கள். படித்துக்கொண்டே இருப்பது ஒரு வேலை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஐந்து மணிக்கு அவள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு உள்ளே போனாள். முதலாண்டுப் பெண்கள் இருவர், பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள், "அக்கா, நாங்களும் பாக்கலாமா?" என்று பின்னாலேயே போனார்கள். ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து, எதை ஏன் செய்கிறாள் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே செய்தாள். வீட்டில் நான் கேட்டிராத குரல் அது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறினேன். அவள் ஞாயிறு வரை விடுதியில் தங்குவதாக ஏற்பாடு.

லாரியை எடுத்துவிட்டிருந்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் மன்னார்குடியில் உரக்கடை வைத்திருப்பவர். நான் பல்கலைக்கழக வாசலில் ஏறியதைப் பார்த்திருக்கிறார். மகள் பிளஸ் டூ படிக்கிறாளாம். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் ஒரு பட்டம் கிடைக்கும், அவ்வளவுதான் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்களாம். கருவி, விடுதி, முடியாத கட்டடம் என்று அன்று பார்த்ததை எல்லாம் சொன்னேன். மகளை நேரில் அழைத்துப்போய்க் காட்டச் சொன்னேன்.

"நீங்க அங்க வேலை பாக்குறீங்களா?"

"இல்லங்க. என் மனைவி படிக்கிறாங்க. இன்னும் மூணு வருஷம் படிப்பாங்க."

அவர் மன்னார்குடியில் இறங்கிக்கொண்டார். அடுத்த பேருந்தில் உட்கார்ந்து சுகந்தியை அழைத்தேன். இன்னும் மூன்று வருஷம் படிப்பாள் என்று அவரிடம் சொன்னதை அவளிடமும் சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்கிற கிணறு மோசங்க. ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டேன். புள்ளைங்க அதைக் குடிக்க வேணாம்னு எறங்கின உடனே சொல்லிருங்க. மத்ததை ஞாயித்துக்கிழமை நானே வந்து சொல்றேன்."

ஊர் வந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. தலைமையாசிரியர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.