வெள்ளைப் பந்தும் கருநீலப் புடவையும்

அறுபதுகளின் நடுவில் பம்பாய் ஃபோர்ட் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். கணவர் இறந்தபின் மாட்டுங்காவில் அண்ணா வீட்டில் வாசம். வெள்ளைப் புடவைதான் கட்டினேன். யாரும் கட்டச் சொல்லவில்லை. வேறு நிறம் எதுவும் வாங்கித் தரவில்லை, அவ்வளவுதான்.

அலுவலக மேல்மாடியில் ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை இருந்தது. கரும்பச்சை, விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு, குறுக்கே அரையடி உயர வலை. லஞ்ச் நேரத்தில் ஆண்கள் ஆடுவார்கள். ஆள் குறைந்த ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்கள். மரப்பலகையில் புள்ளி புள்ளியாக ரப்பர் ஒட்டிய மட்டை. ஊதினால் உருளும் செல்லுலாய்ட் பந்து. ஸர்வ் போடுகிறவர் பந்தை விரித்த உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் போட்டு அடிக்க வேண்டும். அது முதலில் நம் பக்கம் விழுந்து, வலையைத் தாண்டி, எதிர்ப்பக்கம் விழ வேண்டும். ஐந்து ஸர்வுக்கு ஒருமுறை கை மாறும். இருபத்தொரு பாயின்ட் எடுத்தால் ஒரு கேம். மழைக்காலம் முடிவதற்குள், முதலில் என்னிடம் சிரித்துக்கொண்டே ஆடியவர்கள் சிரிப்பை விட்டுவிட்டு ஆடத் தொடங்கியிருந்தார்கள்.

அலுவலகங்களுக்கிடையே போட்டி வந்தது. பெண்கள் பிரிவில் பெயர் கொடுத்தேன். பொழுதுபோக்கு கிளப்பின் செயலாளர், ஒரு மராட்டியர், என் புடவையைப் பார்த்தார்.

"பாயீ, சஃபேத் நஹீ சலேகா."

வெள்ளை கூடாது. பந்து வெள்ளை, வெள்ளைத் துணிக்கு முன்னால் அது எதிராளியின் கண்ணில் படாது. அடர்ந்த நிறம்தான் உடுத்த வேண்டும் என்பது விதி. சங்கடமென்றால் பெயரை எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

"பேர் இருக்கட்டும்" என்றேன்.

மாட்டுங்கா மார்க்கெட்டில் எங்களுக்கு வாடிக்கையான ஜவுளிக்கடைக்காரர், நான் வாய் திறக்குமுன் வெள்ளைப் புடவைகளை எடுத்துப் போட்டார்.

"கருநீலம் காட்டுங்கோ."

"வீட்டுல யாருக்கும்மா?"

"எனக்கு."

கடையில் இருந்த எதிர் பிளாட் மாமி அவசரமாகக் கிளம்பினார். நான் படியேறியபோது அண்ணா வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்னடி இது?"

"மேட்சுக்கு. வெள்ளை கட்டினா பந்து தெரியாது. ரூல்."

"ரூல் போட்டவன் நம்மாத்துக்கு வந்து நாலு பேருக்குப் பதில் சொல்லுவானா?"

உள்ளேயிருந்து மன்னி சொன்னாள்: "பந்து தெரியறதோ இல்லையோ, இவ நன்னாத் தெரிவா. அதுக்குத்தானே!"

"ஆமா மன்னி. தெரியட்டுமே."

அண்ணா கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, பையில எடுத்துண்டு போ. ஆபீஸ்ல மாத்திக்கோ. ஆடி முடிச்சதும் பழையபடி கட்டிண்டு வந்துடு. ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

"திருட்டுச் சாமானா, மறைச்சு எடுத்துண்டு போக? கட்டிண்டே போறேன்."

கட்டிக்கொண்டே போனேன். மாடிப்படியில் இரண்டு கதவுகள் திறந்தன. லோக்கல் ரயிலில், தினமும் எனக்கு இடம் பிடித்து வைக்கும் பெண் என்னைத் தாண்டி யாரையோ தேடினாள். பிறகு அடையாளம் கண்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

எதிராளி ஒரு பாங்கில் வேலை பார்த்த பார்ஸிப் பெண். ஆளுக்கொரு கேம் எடுத்தோம். மூன்றாவதில் வலைக்கு அருகே விழுந்த பந்தை எட்டி அடித்தேன். பந்து அவளைத் தாண்டிப் போனது. என் முந்தானை வலையில் உரசியது. உடுத்தியிருக்கும் துணி வலையில் பட்டாலும் பாயின்ட் போய்விடும். நடுவர் அவளுக்குக் கொடுத்தார். சரியான தீர்ப்பு. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு ஆடினேன். இருபத்தொன்றுக்குப் பத்தொன்பது. தோற்றேன்.

இரவு அண்ணா கேட்டார். சொன்னேன்.

"தோத்தாச்சோன்னோ? அப்ப முடிஞ்சுது" என்றார். குரலில் நிம்மதி இருந்தது.

புடவை துவைத்துக் காய்ந்ததும் மறுபடி அதையே கட்டிக்கொண்டு டிபன் டப்பாவை எடுத்தேன். அண்ணா பேப்பரைத் தாழ்த்தினார்.

"இன்னிக்கும் மேட்சா?"

"இல்லை" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.