தேக்சாக் கணக்கு

நாகல் நகரில் பிரியாணி சமைக்கும் பெரியவர் ஒருவர், எந்தக் கூட்டத்தையும் தேக்சா என்னும் பெரும்பாத்திரக் கணக்கில்தான் அளப்பார். அவர் மகன் அயல்நாட்டு எல்லையூர் ஒன்றில் ஓட்டுநர். அவ்வெல்லையை அண்டைநாட்டுப் படை கடந்த நாளில், நாளிதழைப் பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார்.

"ஐயாயிரம் வீரர், தம் எல்லையைக் காக்க மூன்று நாள் நடவடிக்கை" என்று வாசித்தேன்.

செய்தியோடிருந்த நிழற்படத்தில் வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில் நின்ற படையின் சமையல் வண்டிகளை அவர் விரலால் எண்ணினார். "அய்யாயிரம் பேருக்கு இம்புட்டு அடுப்பா? மூணு நாளைக்கு வாரவன் வெங்காயத்த மலையாக் குமிப்பானா? குடியிருக்க வந்திருக்கான்யா."

"படையனுப்பிய அரசே அறிவித்த எண்ணிக்கையாயிற்றே?" என்றேன்.

"கல்யாண வீட்டுக்காரரும் எரநூறு பேருன்னுதான் சொல்வாருங்கய்யா, பந்தியில நானூறு எல விழும்" என்று சிரித்தவர், உடனே மகனைத் தொலைபேசியில் அழைத்தார். "வேலை போனாப் போகுது அப்பு, இன்னைக்கே கெளம்பி வா."

மகன் வந்துவிட்டான். மாதங்கள் கடந்தும் அந்தப் படை திரும்பவில்லை. மெய்யான எண்ணிக்கையை நாளிதழ்கள் இன்றும் சொல்லவில்லை. நானோ நிழற்படங்களில் அடுப்புகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.