கேஸ் ஷீட்டில் ஏறிய பன்னிரண்டு வருடம்

சபையாருக்கு என் ஸ்தோத்திரங்கள். சாட்சி சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆண்டவருக்குத் தெரியாததா?

என் பெயர் எஸ்தர். மயிலாப்பூரில் இருக்கிறோம். என் கணவர் தனராஜ், ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்ற அன்றோடு கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடும் நின்றுபோனது. அறுபது வயதுக்கு மேல் சொந்தமாக ஒரு பாலிசி எடுக்கப் போய்ப் படாத பாடு பட்டோம். பிரீமியத்தைக் கேட்டதும் தலை சுற்றியது. அதைக் கட்டினாலும், சிகிச்சைச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு நம் தலையில்தான். ரூம் வாடகை அவர்கள் சொன்ன அளவைத் தாண்டினால் மொத்த பில்லிலும் வெட்டு விழும். இதையெல்லாம் நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ஏஜென்ட் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டோம், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் போனது. கடந்த நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ பிடித்து அடையாறில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அன்றைக்கே இருதய ரத்தக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் தப்பியது. மூன்றாம் நாள் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது: பன்னிரண்டு வருடமாக இருதய நோய் இருப்பதை மறைத்து பாலிசி எடுத்திருக்கிறீர்கள், பணம் தர முடியாது.

மறைத்தோமா? அவருக்கு அதற்கு முன் தலைவலி மாத்திரை தவிர எதுவும் தெரியாது! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எங்கள் சாப்பாடே டெபாசிட் வட்டியில்தான். அந்த டெபாசிட்டை உடைத்து ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

தி.நகரில் இருக்கும் காப்பீட்டுக் கம்பெனி அலுவலகத்துக்கு நான்கு தடவை நடந்தேன். இந்த கவுன்டர் இல்லை, அந்த கவுன்டர். இந்த ஃபாரம் இல்லை, அந்த ஃபாரம். நான்காம் தடவை அங்கிருந்தவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது எழுதிய கேஸ் ஷீட்டின் நகலை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "உங்க வாயாலதாம்மா சொல்லியிருக்கீங்க. மனைவி சொன்னதுன்னு போட்டிருக்கு, பாருங்க."

வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றேன். ஜெபமா அது? சண்டை. "பன்னெண்டு வருஷமா இவரு நெஞ்சுக்காகப் போராடுறேனே ஆண்டவரே, இதுக்குத்தானா?" என்று கத்தினேன். கத்திய வாய் அப்படியே நின்றுவிட்டது.

என் கணவரின் அண்ணன் மாரடைப்பில் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து தினமும் காலையில் இவர் இருதயத்துக்காக ஜெபிக்கிறேன். எமர்ஜென்சி வாசலில் டியூட்டி டாக்டரிடமும், சபையில் சாட்சி சொல்லிப் பழகிய வாய் இல்லையா, இதே வார்த்தையைத்தான் சொல்லி அழுதிருக்கிறேன். அந்த இளம் டாக்டர் என் போராட்டத்தை இவருடைய வியாதி என்று எழுதிவிட்டார். அதை அந்த நிமிடத்தில் ஞாபகப்படுத்தியது ஆண்டவர்தான். என் மூளைக்கு அவ்வளவு ஓட்டம் கிடையாது.

அந்த டாக்டர் இதற்குள் வேளச்சேரியில் ஒரு கிளினிக்குக்கு மாறிவிட்டார். தேடிப் போனேன். "ஐயோ ஆன்ட்டி, ஜெபத்தையா சொன்னீங்க? நான் ட்ரீட்மென்ட்னு நினைச்சுட்டேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போதே கடிதம் எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியும் கேஸ் ஷீட்டைத் திருத்தித் தந்தது. காப்பீட்டுக் கம்பெனி இன்னும் ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டுப் பணம் கொடுத்தது. எங்கள் பங்கும் ரூம் வாடகை வெட்டும் போகத்தான். அந்த ரூம் விஷயம் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

பணம் வந்த அன்று மாலை, இனி ஒரு வரி விடாமல் படிப்பது என்று பாலிசியை எடுத்து உட்கார்ந்தேன். பாலிசி எடுக்கும்போதே இருக்கும் நோய்களுக்கு மட்டும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி. சத்தமாகப் படித்தேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதுக்கு மட்டுந்தானா? ஏஜென்ட் சொன்னத வச்சு நான் எல்லாத்துக்கும் மூணு வருஷம்னு நினைச்சுக்கினு இருந்தேன் எஸ்தரு."

"அதனால இன்னா?"

"விழறதுக்கு முன்னாடி அஞ்சு மாசமாவே படி ஏறும்போதெல்லாம் நெஞ்ச அழுத்திக்கினுதான் இருந்துச்சு. மூணு வருஷம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு பொறுத்துக்கினேன்."

முதலில் எனக்குக் கோபம் பொங்கியது. பிறகு அழுகைதான் வந்தது. பணத்துக்காக நான் சண்டை போட்ட ஆண்டவர், அந்த ஐந்து மாதமும் ஒவ்வொரு படியிலும் இவரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்கு எப்படி நன்றி சொல்வேன்?

பிரியமானவர்களே, ஆண்டவரை நம்பிக் கேளுங்கள், அவர் கேட்கிறார். பாலிசியையும் படியுங்கள். அதோடு இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பக்கத்தில் இருப்பவரிடம், எங்கேயாவது வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் பன்னிரண்டு வருடம் இவர் நெஞ்சைப் பற்றி ஆண்டவரிடம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தேன்.